கல்வராயன் மலை ஊறலின் சரித்திரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணைப் பக்கமாக மேலேறும் மலைப்பாதையில் செல்கிறவர்கள், கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தக் கிளை ஒரே சிகரத்தை நோக்கிக் குவிந்து நிற்பதன்று என்பதைச் சிறிது தூரத்திலேயே உணர்ந்துகொள்வார்கள். வடக்கே ஏறக்குறைய 2,700 அடி உயரத்தில் சின்னக் கல்வராயன், தெற்கே 4,000 அடியைத் தொடும் பெரிய கல்வராயன் என இரு கூறாகப் பிரிந்து, சாமையும் மரவள்ளியும் விளையும் மேட்டு நிலங்களும், கடுக்காய் மரங்கள் நிற்கும் சரிவுகளும், பாறையிடுக்கில் கசிந்து ஓடையாகத் திரளும் ஊற்றுகளுமாக விரிந்து கிடக்கும் இந்தப் பிரதேசத்தைச் சேலம், கள்ளக்குறிச்சி ஜில்லாக்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, மேகம் என்று இம்மலையிலுள்ள ஊர்ப்பெயர்கள் செவிக்கு இனிமையானவை; ஆனால் சமவெளியில் இருக்கும் பத்திரிகை வாசகர் அவற்றைச் சந்திப்பதெல்லாம், இத்தனை ஆயிரம் லிட்டர் சாராய ஊறல் அழிக்கப்பட்டது என்ற ஒரே அச்சில் வார்த்த செய்தியின் நடுவில்தான். அந்த ஊறலின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தால், அதைப் போட்ட மனிதர்களையும் அதைத் தடுத்த சட்டங்களையும் சொல்வதோடு, வெல்லத் தண்ணீரை உண்மையில் சாராயமாக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவனையும் சொல்லியாக வேண்டும். சாராயத்தைக் குறித்து நம்மவர்கள் எழுதியவற்றிலும் பேசியவற்றிலும் இந்த மூன்றாவது விஷயம் பெரும்பாலும் விடுபட்டுப் போயிற்று. அதன் பயனாகவே 2024ஆம் ஆண்டின் பெருந்துயரத்தைக்கூட நாம் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இம்மலையின் குடிகள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களுடைய பரம்பரைக் கதை, பேசுவது தமிழ், தரிப்பது கவுண்டர் பட்டம். பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்த மலைப்பகுதி சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற பெயர்களில் மூன்று ஜாகிர்களாகவும், சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு ஜாகிர்களாகவும் இருந்தன. கம்பெனி ஆட்சி வந்து போயிற்று, ராணியின் ஆட்சி வந்து போயிற்று, சுதந்திரம் வந்தது, சமவெளியில் ஜமீன்தாரி முறை ஒழிந்தது; அத்தனைக்கும் பிறகும் மலைமேல் ஜாகிர்தார்களின் அதிகாரமே செல்லுபடியாகிக்கொண்டிருந்து, 1976ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் இம்மலையைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. அரசியல் சாசனம் அமலுக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின் ஒரு பிரதேசத்தின் ஜனங்கள் அதன் நிழலுக்குள் வருகிறார்கள் என்றால், அந்த இடைக்காலத்தில் அங்கே எந்தத் தொழில் வேர்விட்டது, ஏன் விட்டது என்று ஆராய்கிறவர் அந்த ஜனங்களின் சுபாவத்தில் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. அரசாங்கத்தின் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் எட்டாத இடத்திற்குக் கலால் இலாகா மட்டும் எப்படி எட்டியிருக்கும்?

சாராயத்திற்கு வேண்டிய பண்டங்களில் மலை தருவன நீரும் விறகும் பட்டையும் மறைவிடமுமே. சர்க்கரைப் பொருள் சமவெளியிலிருந்து ஏற வேண்டும். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரங்களில் கரும்பு விளைவதும், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நிற்பதும், ஆலைக்குப் போகாத கரும்பு வெல்லமாவதும் எல்லோரும் அறிந்தவை. மூட்டை மூட்டையாக வெல்லம் மலைக்கு மேலே போவதும், லாரி டியூப்களில் நிரம்பிய சாராயம் கீழே இறங்குவதும் ஒரே வியாபாரத்தின் இரண்டு கால்கள். மேலே போகிற வெல்லத்திற்கு முதல் போடுகிறவரும் கீழே இறங்கும் சரக்கை விற்கிறவரும் சமவெளிக்காரர்களாயிருக்க, நடுவே அடுப்பெரித்துப் பிடிபடுகிற மலைக்காரனின் பெயரில் மட்டும் இத்தொழில் வழங்கி வருவது பெரும் அநியாயம்.

ஊறலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வெல்லத்தை நீரில் கரைத்து, இடித்த வேலம்பட்டையும் சிறிது நவச்சாரமும் சேர்த்து, முற்காலத்தில் மண்பானைகளிலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் பேரல்களிலும் ஊற்றி, ஓடைக்கரைப் புதர்களின் அடியில் கழுத்தளவு புதைத்துவிடுவார்கள். முதலில் அது வெறும் பழுப்புநிறத் தண்ணீர். மேலே பட்டைத் துணுக்குகள் மிதக்கும். பிறகு ஓரங்களில் நுரை தோன்றி, நடுப்பகுதிக்குப் பரவி, யாரோ அடியிலிருந்து ஊதுவதுபோலக் குமிழிகள் எழும்பி உடையும். காதை அருகே கொண்டுபோனால் அரிசி கழுவுவது போன்ற மெல்லிய சலசலப்புக் கேட்கும். இனிப்பு வாடை மாறிப் புளிப்பு வாடை ஏறும். நுரை அடங்கி, சலசலப்பு ஓய்ந்து, பட்டைகள் அடியில் படிந்துவிட்டால் ஊறல் பக்குவமாயிற்று என்று பொருள். அடுப்பேற்றி ஆவியைக் குளிரவைத்து வடிக்க வேண்டியது அதன் பிறகே. வெள்வேலமரத்தின் பட்டையைக்கொண்டு சாராயம் வடிக்கும் வழக்கம் இம்மலைக்கு மாத்திரம் உரியதன்று. சோழமண்டலக் கரையின் தாவரங்களை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்து தொகுத்த வில்லியம் ராக்ஸ்பர்க் இம்மரத்திற்குச் சாஸ்திரப் பெயர் இட்டபோதே, சுதேசிகள் இதன் பட்டையிலிருந்து சாராயம் இறக்குவதையும் குறித்து வைத்தார். பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து கரைசலில் கலங்கி நிற்கும் புரதப் பொருள்களைத் திரட்டி அடியில் படியச் செய்கிறது என்பது பிற்காலத்தார் கூறிய காரணம்.

இவ்வாறு ஊருக்கு ஊர் நடந்துவந்த தொழிலை 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் ஒரேயடியாக லைசென்ஸுக்குள் அடைத்தது. வடிப்பது பெரிய டிஸ்டிலரிகளுக்கும், விற்பது ஏலம் எடுத்த குத்தகைதாரர்களுக்கும் உரிமையாக, தென்னாற்காட்டிலேயே நெல்லிக்குப்பத்துப் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு சாராயமாகி லைசென்ஸ் கடைகளுக்குப் போயிற்று. சொந்தத் தேவைக்கென்று பானை வைத்தவன் குற்றவாளியானான். குடி கூடாது என்பது அச்சட்டத்தின் நோக்கமன்று. சர்க்காருக்கு வரி செலுத்தாத குடி கூடாது என்பதே நோக்கம். மாகாணத்தின் வருமானத்தில் கலால் வரி எவ்வளவு பெரிய பங்காக வளர்ந்தது என்பதற்கு, பின்னாளில் அதை விட்டுக்கொடுக்கத் துணிந்த ராஜாஜி நஷ்டத்தை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி என்ற புதுமையைக் கொண்டுவர நேர்ந்ததே சாட்சி. இன்று கடையில் நாம் கொடுக்கும் வரியின் வம்சாவளியில் ஒரு சாராயப் பானை இருக்கிறது.

ராஜாஜியின் மதுவிலக்கு 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் தொடங்கிற்று. அவர் பிறந்ததும் வக்கீல் தொழில் நடத்தியதும் நகரசபைத் தலைவராயிருந்ததும் அந்த ஜில்லாவில். திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தியவர் அவர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு ஜில்லாக்களுக்கு அது பரவிற்று. தென்னாற்காட்டுக்கு அப்போது வரவில்லை. இதன் விளைவைக் கல்வராயன் மலையின் படத்தை விரித்துப் பார்த்தால் உடனே காணலாம். மேற்குச் சரிவு சேலத்தைச் சேர்ந்த ஆத்தூர்த் தாலுகா, கிழக்குச் சரிவு தென்னாற்காட்டைச் சேர்ந்த கள்ளக்குறிச்சித் தாலுகா. ஆகவே ஒரே மலையின் ஒரு பக்கத்தில் குடி குற்றமாகவும் மறுபக்கத்தில் லைசென்ஸ் பெற்ற வியாபாரமாகவும் இருக்க, இரண்டுக்கும் நடுவே வேலியில்லாத காடு மட்டும் இருந்தது. யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. சுதந்திரத்தை அடுத்து மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1948 அக்டோபர் 2ஆம் தேதியிலிருந்து மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் ஒத்திவைப்பு, 1974இல் மறுபடியும் அமல், 1981இல் கடை திறப்பு, 1983இல் டாஸ்மாக், 1990இல் வந்து 1991இல் மறைந்த மலிவு விலை மது, 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது என்று பிறகு நடந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை கடை மூடியபோதும் கடைச்சரக்கின் விலை ஏறியபோதும் மலையில் பானைகளின் எண்ணிக்கை பெருகியிராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இத்தனை சட்டங்களும் பானையைச் சுற்றியே நடந்தன. பானைக்குள் இருப்பது என்ன என்ற கேள்வியை லூயி பாஸ்தர் 1857ஆம் ஆண்டு முதல் விடாமல் துருவி, சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிளப்பது ஈஸ்ட் என்னும் உயிரணுவின் ஜீவனக் கிரியையே என்று ஸ்தாபித்தார். 1897இல் எட்வர்ட் பூக்னர் ஈஸ்டை நசுக்கிப் பிழிந்த உயிரற்ற சாறும் சர்க்கரையைப் புளிக்கச் செய்வதைக் காட்டி, வேலையைச் செய்பவை அதனுள்ளிருக்கும் புரதங்களாகிய நொதிகள் என்று நிரூபித்து நோபல் பரிசு பெற்றார். மரப்பட்டைகளில் ஈஸ்ட் வாசம் செய்வதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஊறலுக்குள் அதை யாரும் தனியாகப் போடுவதில்லை, அதுவே வந்து சேருகிறது. ஆனால் வெல்லத் தண்ணீர் ஈஸ்டுக்குச் சொர்க்கமன்று. சர்க்கரை அபரிமிதம், புரதம் கட்டுவதற்கு வேண்டிய தழைச்சத்தோ சொற்பம். போதாததற்கு, வேலை முன்னேற முன்னேறத் தான் உண்டாக்கிய சாராயத்திலேயே தான் மூழ்க வேண்டும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. போதை ஏறுவதற்காகப் போடும் விஷச்சரக்கு என்று வழக்குகளில் வர்ணிக்கப்படும் அப்பொருள், ரசாயன திருஷ்டியில், பட்டினி கிடக்கும் ஈஸ்டுக்கு இட்ட தழைச்சத்தே ஆகும். தலைமுறை தலைமுறையாக அதை ஒரு பிடி அள்ளிப் போட்டவர்களுக்குக் காரணம் தெரியாது, பலன் தெரியும்.

மாறிக்கொண்டே இருக்கும் இந்தச் சூழ்நிலையில் எந்தப் புரதத்தை எப்போது எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதை ஓர் உயிரணு எவ்வாறு நிர்ணயிக்கிறது? உட்கருவிலுள்ள ஜீனின் பிரதியாகத் தூது ஆர்.என்.ஏ. என்ற இழை எழுதப்பட்டு வெளியே வருகிறது என்பதும், ரைபோசோம் என்ற நுண்ணிய யந்திரம் அதைப் படித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகிறது என்பதும் 1960களிலேயே தெளிவாயின. அந்த இழையில் புரதத்திற்குரிய செய்தி நடுப்பகுதியில் மட்டுமே இருக்கிறது; அதற்கு முன்னே ஒரு தலைப்பகுதியும் பின்னே ஒரு வால்பகுதியும் புரதமாக மொழிபெயர்க்கப்படாமலே நிற்கின்றன. ஈஸ்டின் தலைப்பகுதி பெரும்பாலும் ஐம்பது எழுத்துகளுக்குச் சற்று முன்பின்னான நீளமே உள்ளது. கடிதத்தின் வெற்று ஓரங்களைப் போல இவற்றை அலட்சியம் செய்யத் தோன்றும். ஆயினும் உற்பத்தியின் பெரும்பகுதி நிர்வாகம் இந்த ஓரங்களிலேயே நடக்கிறது என்பதைக் கண்டறிய ஈஸ்டே கருவியாயிற்று.

இவ்விஷயத்தில் மிகப் பிரசித்தமான உதாரணம் ஜிசிஎன்4 என்ற ஜீன். அமினோ அமிலங்கள் வற்றும்போது அவற்றைச் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ளுமாறு 500க்கும் மேற்பட்ட ஜீன்களைத் தூண்டிவிடும் தலைவன் இந்த ஜீனின் புரதம். இதன் தூது இழையின் தலைப்பகுதி வழக்கத்திற்கு விரோதமாக ஏறக்குறைய 590 எழுத்துகள் நீண்டு, தன்னுள் நான்கு குட்டிச் செய்திகளை வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்களை மட்டும் கோத்து முடிந்துவிடும் போலிச் செய்தி. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகங்களில் ஆராய்ச்சி செய்த ஆலன் ஹின்னபுஷ் 1984இல் இத்தலைப்பகுதியே உற்பத்தியை ஆள்கிறது என்பதற்கான சாட்சியங்களை வெளியிட்டார். அதே ஆண்டில் திரேயோஸ் குழுவினரும் தனியாக அதே முடிவுக்கு வந்தனர். ரைபோசோமின் சிறுபகுதி இழையின் முனையில் ஏறி, தொடக்க எழுத்துகள் தென்படும் வரை வரிசையாகத் தேடிச் செல்கிறது என்று மாரிலின் கோசாக் 1978இல் கூறியிருந்தார். ஜிசிஎன்4 இழையில் அது முதலில் சந்திப்பது முதற்போலி. அதைப் படித்து முடித்த பின்பும் ஏறக்குறையப் பாதிச் சிறுபகுதிகள் இழையை விட்டு விழாமல் மேலே நகர்கின்றன. ஆனால் மறுபடியும் எதையேனும் படிக்க வேண்டுமானால், முதல் அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் துணைப் பொருள் ஒன்று வந்து ஒட்ட வேண்டும். உணவு நிறைந்த காலத்தில் அத்துணைப் பொருள் சுலபமாகக் கிடைப்பதால், அவை வழியிலேயே மீண்டும் ஆயத்தமாகி நான்காவது போலியைப் படித்து, அங்கேயே இழையை விட்டு உதிர்ந்துவிடுகின்றன. உண்மைச் செய்தி தீண்டப்படாமல் கிடக்கிறது. பஞ்ச காலத்திலோ, அமினோ அமிலங்களைச் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.க்கள் காலியாகத் திரிவதைக் கண்ட ஜிசிஎன்2 என்ற நொதி அத்துணைப் பொருளின் வரத்தைக் குறைத்துவிடுகிறது. வெறுங்கையோடு நகரும் சிறுபகுதிகள் ஆயத்தமாவதற்குத் தாமதமாகி, தாமதத்தினாலேயே நான்காவது போலியைப் படிக்காமல் கடந்துபோய், அதன் பின்னரே ஆயத்தமாகி உண்மைச் செய்தியை அடைகின்றன. எல்லா உற்பத்தியும் தளரும் பஞ்சத்தில் இந்த ஒரு புரதத்தின் உற்பத்தி ஏறுவதற்குத் தாமதமே காரணமாகிறது என்பதை நினைக்கும்தோறும் வியப்பு அடங்குவதில்லை. பானையில் தழைச்சத்துக் குறைந்து அமினோ அமிலம் வற்றும்போது ஈஸ்ட் தாக்குப்பிடிப்பதற்கான சூட்சுமங்களுள் இதுவும் ஒன்று.

வால்பகுதியின் கதை ஊறலின் பக்குவத்தோடு இன்னும் நேராகச் சம்பந்தப்பட்டது. சர்க்கரை கிடைக்கும்வரை ஈஸ்ட், காற்று இருந்தாலும்கூட, அதைச் சாராயமாகப் பிளக்கும் அவசர வழியையே விரும்புகிறது. மெதுவாக எரித்து முழுச்சக்தியையும் பெறும் மைட்டோகாண்ட்ரியா என்ற உள்ளுறுப்புக்கு அப்போது அதிக வேலையில்லை. அவ்வுறுப்புக்கு உரிய தூது இழைகளில் ஏராளமானவை தங்கள் வால்பகுதியில் எட்டெழுத்து அடையாளம் ஒன்றைத் தாங்கியிருக்கின்றன. பஃப்3 என்ற புரதம் அந்த அடையாளத்தைக் கண்டு பிடித்துக்கொண்டு, சர்க்கரை உள்ளவரை அவ்விழைகளைச் சீக்கிரம் சிதையச் செய்கிறது என்பதை ஒலிவாஸும் பார்க்கரும் 2000ஆம் ஆண்டில் ஓர் இழையைக் கொண்டு காட்டினர். 2004இல் கெர்பர் குழுவினர் இப்புரதம் பிடித்திருக்கும் இழைகளை மொத்தமாகக் கணக்கெடுத்தபோது இருநூற்றுக்கு மேற்பட்டவை அகப்பட்டன, பெரும்பாலானவை மைட்டோகாண்ட்ரியாவுக்கு உரியவை. சர்க்கரை தீர்ந்தால் காட்சி மாறுகிறது. திடீரென்று குளுக்கோஸை நிறுத்தினால் ஈஸ்டின் புரத உற்பத்தி சில நிமிஷங்களுக்குள் அனேகமாக நின்றுவிடும். மெல்ல மெல்லத் தீரும்போதோ, அது அடுத்த உணவுக்குத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பஃப்3 தன் குணம் மாறி, முன்பு அழியவிட்ட இழைகளை நிலைத்திருக்க விடுகிறது. எரிக்கும் யந்திரங்கள் கட்டப்படுகின்றன. காற்றுக் கிடைக்குமானால், ஈஸ்ட் தான் உண்டாக்கிய சாராயத்தையே தின்னத் தொடங்கும். திறந்து கிடக்கும் பானையில் காடி உண்டாக்கும் பாக்டீரியாக்களும் அதில் பங்குகொள்ளும். நுரை அடங்கிய ஊறலைக் காலந்தாழ்த்தாமல் அடுப்பேற்ற வேண்டும் என்ற மலைக்காரனின் விதி இந்த வேளையை அனுபவத்தால் அளந்து வைத்ததே.

ஈஸ்டின் ஜீனோம் முழுவதும் 1996இல் படிக்கப்பட்டது. உட்கரு கொண்ட ஜீவன்களில் முதலில் படித்து முடிக்கப்பட்டது அதுதான். ஏறக்குறைய 6,000 ஜீன்களின் தூது இழைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற எல்லைகளைப் பெரும்பான்மையாக வரையறுத்த 2008ஆம் ஆண்டின் யேல் சர்வகலாசாலைக் கட்டுரையில் முதற்பெயர் உக்ரப்பா நாகலட்சுமி. 2013இல் இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர்கள், தொடக்கக் குறிக்கு முன்னுள்ள பத்தே எழுத்துகளை 2,041 விதமாக மாற்றி எழுதி ஒவ்வொன்றின் விளைவையும் அளந்தபோது, ஓரிரண்டு எழுத்து மாறினாலும் உற்பத்தி கணிசமாக ஏறியோ இறங்கியோ விடுவதைக் கண்டனர். அந்த ஏற்றத்தாழ்வில் மூன்றில் இரண்டு பங்கைத் தங்கள் கணிதத்தால் முன்கூட்டியே சொல்லவும் அவர்களால் முடிந்தது. கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் ஒரே தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த 1952ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற பின்னர், ஹின்னபுஷ், லார்ஷ் ஆகியோரோடு சேர்ந்து ஈஸ்டின் ரைபோசோம் தொடக்கக் குறியைக் கண்டுகொள்ளும் கணத்தைப் படம்பிடித்து 2014இல் வெளியிட்டார் அவர். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் தன்வீர் உசேன் பிறகு பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தம் ஆராய்ச்சியை அமைத்துக்கொண்டார்.

இனி 2024க்கு வருவோம். ஜூன் மாதம் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றெரிச்சலோடும் பார்வை மங்கலோடும் சாரிசாரியாக ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் நேர்ந்த மரணங்களுக்கும் இதற்கும் காரணப் பொருள் ஒன்றே: மெத்தனால். உடனே போலீஸ் படைகள் கல்வராயன் மலையேறி ஊறல்களைக் கவிழ்த்தன. மலைச் சாராயம் நல்லது என்று வாதிப்பவன் அல்லன் நான். குடும்பங்களை அது அழித்ததை மலையிலும் அடிவாரத்திலும் யார் அறியார்? ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பிசகு. வெல்லத்தில் ஈஸ்ட் உண்டாக்குவது எத்தனால். மெத்தனால் அங்கே சொல்லத்தக்க அளவில் பிறப்பதே இல்லை. பழத்தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் சிதையும்போது அது சிறிதளவு பிறக்கும். பெருமளவில் கிடைப்பது ரசாயனத் தொழிற்சாலைகளில், கரைப்பானாக. கருணாபுரத்தில் கொன்றது ஊறலின் பக்குவப் பிழையன்று. எந்த ஈஸ்டின் கையும் படாமல், எந்தப் பானையிலும் ஊறாமல், பேரலில் வந்த தொழிற்சாலைச் சரக்கு. குடித்தவனின் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலமே கண்ணின் நரம்பைக் கெடுத்து உயிரையும் குடிக்கிறது. அதே கல்லீரல் நொதி எத்தனாலையே முன்னுரிமையாகப் பிடித்துக்கொள்வதால், எத்தனாலே மெத்தனாலுக்கு மாற்று மருந்தாகவும் வைத்தியத்தில் பிரயோகிக்கப்படுகிறது. ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியையே தடுத்து நிறுத்துவது.

மெத்தனாலையே ஆகாரமாகக் கொள்ளும் ஈஸ்ட் ஒன்றும் உண்டு. பிக்கியா பாஸ்டோரிஸ் என்று பெயர். அதுவும் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகத்தான் மாற்றுகிறது. ஆனால் அந்த விஷத்தைக் கையாளத் தனி அறைகளைத் தன்னுள் அமைத்துக்கொண்டிருக்கிறது. இம்மாற்றத்தைச் செய்யும் நொதியின் ஜீன், மெத்தனாலைக் கண்டால் ஒழிய உறங்கிக்கொண்டிருந்து, கண்டவுடன் பிரமாண்டமான அளவில் உற்பத்தியைத் திறந்துவிடும். அதன் தூது இழையின் தலைப்பகுதியை நீட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி மாறுவதை ஆராய்ந்தவர்களும் உண்டு. அந்த ஜீனின் முகப்பில் நமக்கு வேண்டிய செய்தியை ஒட்டிவிட்டால் நமக்கு வேண்டிய புரதத்தை அது செய்து தரும். ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் வெளியிட்ட, இந்தியாவின் முதல் மறுசேர்க்கை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இந்த ஈஸ்டில் உற்பத்தியானதே.

கருணாபுரத்திற்குப் பின் பத்தே நாளில் சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, மரணம் விளைவிக்கும் சாராயக் குற்றத்திற்கு ஆயுள் சிறையும் 10 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதித்தது. நவம்பரில் உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வு இலாகாவுக்கு மாற்றியது. இதற்கிடையே ஜூலை மாதத்தில் அதே உயர்நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த வழக்கில் வாதத்திற்கு வந்தவை சாலையும் வைத்தியமும் பஸ் வசதியும். 1976ஆம் ஆண்டிலேயே மலையேறியிருக்க வேண்டியவை.